அண்டங்காக்கை தின்னாத தக்காளி

குவேராகெர்தி
20 ஆகஸ்ட் 2011

அன்புள்ள பெரா அக்காவுக்கு,

உன் தங்கை பின்னா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டாயா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் உள்ள முதியோர் இல்லத்தில் பிப்ரவரியில் ஓர் அறை காலியாகிறது. தெற்குப் பார்த்த ஜன்னல். உன் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரி முடிவதற்குள் நீ சரி என்றால் போதும். எழுபத்து மூன்று வயதில், ஸ்டூர்லா அத்தானும் போன பிறகு, அந்த வீட்டில் இன்னும் எத்தனை பனிக்காலம் தனியாகத் தள்ளுவாய்? நவம்பர் பாதியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் ஜனவரிக் கடைசியில்தான் உன் ஜன்னலுக்குத் திரும்புகிறது. அந்த இரண்டரை மாதமும் உன் ஊரில் பூஞ்சணம்கூட முளைக்காது.

எங்கள் கண்ணாடிக் குடிலில் விளைந்த தக்காளி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். சின்ன ரகம், நல்ல இனிப்பு. சாப்பிட்டுக்கொண்டே யோசி.

உன் பின்னா


ஸ்குகாவிக்
1 செப்டம்பர் 2011

தங்கச்சி பின்னாவுக்கு,

இடுப்பு அதன் இடத்தில் இருக்கிறது. கைப்பிடி போட்டாயிற்று, அதில் மீன் காயப்போட்டிருக்கிறேன். உன் முழங்காலுக்குச் சுறா எண்ணெய் தேய். மாத்திரையை நம்பாதே.

நேற்று நீ போனில் கூப்பிட்டாய். நான்தான் எடுக்கவில்லை. பேசினதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதினது பிஸ்கட் டப்பாவில் இருக்கும். நான் நாலே பனிக்காலம் பள்ளிக்கூடம் போனவள், பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

உன் பெட்டி வந்தது. ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. கீழ்வீட்டு யாத்விகாவுக்குக் கொடுத்துவிட்டேன். போலந்துக்காரி, மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். நான் ஏன் தக்காளி தின்பதில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதால் மறுபடி எழுதுகிறேன்.

1952 ஜனவரி. மீன் விற்க இங்கிலாந்து போன கப்பலில் தாய்மாமன் திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு தக்காளி கொண்டுவந்தார். எனக்குப் பதின்மூன்று வயது, உனக்குப் பத்து. பழம் அரைப் பச்சையாக இருந்தது. இதோ இந்தச் சமையலறை ஜன்னல் விளிம்பில், அம்மாவின் நீலக் கிண்ணத்தில் வைத்துப் பதினோரு நாள் காவல் காத்தேன். சூரியன் ஊருக்குத் திரும்புவதைக் காப்பியும் பான்கேக்குமாகக் கொண்டாடுகிற சூரியக் காப்பி அன்று, வெளிச்சம் ஜன்னலைத் தொட்டதும், வீட்டில் எட்டு பேருக்கும் எட்டுத் துண்டு போடுவதாக இருந்தேன். முந்தின நாள் மத்தியானம் கிண்ணம் காலி. நீ சொன்னாய்: “ஜன்னல் தொறந்திருந்துச்சுக்கா, அண்டங்காக்கை தூக்கிட்டுப் போயிருச்சு.” அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் கொக்கி அன்றைக்குப் பனியில் உறைந்து கிடந்தது, அதை ஒருவராலும் திறந்திருக்க முடியாது. அப்பாவிடம் அதைச் சொல்ல நான் வாசலுக்கு ஓடுவதற்குள் வெடிச் சத்தம் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் நம் வீட்டைச் சுற்றுகிற இரண்டு காக்கைக்கும் ஆட்டுக்கொழுப்பு போட்டுவருகிறேன்.

ஆகவே கேள். யாத்விகா தின்ற பழம் ஒன்றிலிருந்து விதை எடுத்து இன்று நாலு டம்ளரில் போட்டிருக்கிறேன். வருகிற ஜனவரி 27, சூரியக் காப்பி அன்று, இதே ஜன்னலில் விளைந்து பழுத்த தக்காளி என் மேசையில் இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு உன் இல்லத்துக்கு வருகிறேன். இருந்தால் இல்லம் என்கிற பேச்சையே நீ எடுக்கக் கூடாது. அதோடு அன்றைக்குத் தின்றது யார் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெரா


குவேராகெர்தி
20 செப்டம்பர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை. முழங்கால் அப்படியே இருக்கிறது. மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாளில் நீயும் பின்னால் ஓடவில்லை என்று நம்புகிறேன்.

பந்தயம் சரி. தின்றது அண்டங்காக்கைதான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் என் அக்கா வழி தெரியாமல் தோற்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நாற்பது வருஷம் கண்ணாடிக் குடிலில் நின்றவள் சொல்கிறேன். சாதாரண பல்பு போதாது, வெள்ளைக் குழல்விளக்கு வேண்டும். இலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடு. பதினாறு மணி நேரம் எரியட்டும், எட்டு மணி நேரம் அணைந்திருக்கட்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இலையின் கக்கத்தில் முளைக்கிற கிளையைக் கிள்ளிவிடு. பூக்க ஆரம்பித்ததும் உரம் கொடு.

அவ்வளவுதான். தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டேன்.

அன்புடன்
பின்னா


ஸ்குகாவிக்
9 அக்டோபர் 2011

தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. நாலு குழந்தையில் மூன்று போயிற்று.

தொழிற்சாலையில் கழற்றிப் போட்ட குழல்விளக்கு இரண்டை யாத்விகா தோளில் சுமந்து வந்து மாட்டிக் கொடுத்தாள். நாலு விதையும் முளைத்தன. ஆனால் வெளிறிப்போய், நூல் மாதிரி நின்றன. எனக்கு என்ன தோன்றும், சொல். நம் பிள்ளைகள் எல்லாம் எங்கே தூங்கி வளர்ந்தார்கள்? வாசலில், தள்ளுவண்டியில், குளிர்காற்றில். என் மூன்று பேரும் மூக்கில் பனி விழ விழத்தான் தூங்கினார்கள், எழுந்திருக்கும்போது கன்னம் சிவந்திருக்கும். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால்தான் இதுகள் இப்படி இருக்கின்றன என்று பரணிலிருந்து பழைய தள்ளுவண்டியை இறக்கி, கம்பளி விரித்து, நாலு டம்ளரையும் அதில் வைத்து, வாசலில் ஒரு மணி நேரம் விட்டேன்.

வேலை முடிந்து வந்த யாத்விகா வண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். “யாரு வீட்டுக் கொழந்த பெராம்மா?” என்று குனிந்தவள் நிமிரவில்லை.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க.”

“சத்தம் போடாத, தூங்குதுங்க.”

“தூங்கல பெராம்மா. செத்துப்போச்சு.”

கம்பளி மடிப்புக்குள் சாய்ந்திருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. இப்போது அதற்கு ஏழு இலை. வண்டியைக் கொட்டகையில் தள்ளிச் சுவரைப் பார்க்க நிறுத்தியிருக்கிறேன். பந்தயம் பந்தயம்தான். ஒரு செடி போதும்.

பெரா


குவேராகெர்தி
24 அக்டோபர் 2011

அக்கா,

சிரித்த சிரிப்பில் மாத்திரை தொண்டையில் சிக்கிக்கொண்டது. தக்காளிக்குத் தாலாட்டும் பாடினாயா?

இல்லத்து அலமாரியை அளந்துவிட்டேன். உன் கோட்டு மூன்றும் தாராளமாகத் தொங்கும்.

பின்னா


ஸ்குகாவிக்
18 நவம்பர் 2011

தங்கச்சி பின்னாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய்.

சூரியன் பதினாலாம் தேதி மலைக்குப் பின்னால் போயிற்று. பகல் பதினோரு மணிக்கே ஊர் முழுக்க விளக்கு. அதில் என் ஜன்னல்தான் பிரகாசம். தொழிற்சாலைக் குழல்விளக்கு அல்லவா, படகில் வருகிறவர்கள் கரை கண்டுபிடிக்க என் சமையலறையைப் பார்க்கிறார்களாம். செடி என் தோளுக்கு வந்துவிட்டது. மஞ்சள் பூ பதினொன்று விட்டது. யாத்விகா கேக் செய்து கொண்டுவந்தாள்.

ஆனால் பூ நிற்கவில்லை. மூன்று நாள் விரிந்திருக்கிறது, அப்புறம் காம்போடு உதிர்கிறது. ஏழு போய்விட்டது. தண்ணீர் சரி, உரம் சரி, விளக்கு சரி. உனக்கு நான் எதையும் கேட்டு எழுதினதில்லை. இப்போது கேட்கிறேன். ஏன் உதிர்கிறது?

சீக்கிரம் எழுது.
பெரா


குவேராகெர்தி
25 நவம்பர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல சுகம். நீ சொன்ன சுறா எண்ணெய் கேட்கிறது, ஆனால் நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி வருவதை நிறுத்திவிட்டாள்.

கிறிஸ்துமஸ் வேலை தொடங்கியாயிற்று. ஏழு வகை பிஸ்கட்டில் நாலு முடிந்தது. இஞ்சி பிஸ்கட் இந்த வருஷம் கொஞ்சம் கருகல். புதுப் பாதிரியார் சின்ன வயசு, கிதார் வாசிக்கிறார். எதிர்வீட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திர விளக்கு வைத்து ஊரையே கூசச் செய்கிறார்கள். எனக்கு ஒரு புதுக் கம்பளிச் சட்டை பின்னுகிறேன். உனக்கும் ஒன்று பின்னலாம் என்று பார்க்கிறேன், உன் கழுத்து அளவுதான் தெரியவில்லை. இந்தப் பக்கம் வந்தால் போட்டுப் பார்க்கலாம்.

நீ கேட்டது. பூ என்பது அதன் இஷ்டம் அக்கா. சிலது நிற்கும், சிலது உதிரும்.

இருமல் வராமல் பார்த்துக்கொள்.
பின்னா


ஸ்குகாவிக்
12 டிசம்பர் 2011

பின்னாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

உன் கடிதத்தில் பிஸ்கட் இருக்கிறது, பாதிரியார் இருக்கிறார், எதிர்வீட்டு நட்சத்திரம் இருக்கிறது. பூவுக்கு ஒரே ஒரு வரி. நீ தெரியாததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவாய். தெரிந்ததைத்தான் எழுதாமல் விடுவாய். அது எனக்கு அறுபது வருஷப் பழக்கம்.

அதனால் உட்கார்ந்து யோசித்தேன். 1974 ஜூன் 9. நான் உன் வீட்டுக்கு வந்த நாள். பாதிரியார் மனைவிக்குத் தங்க விளிம்புக் கோப்பை, எனக்கு விரிசல் விட்ட கோப்பை. காப்பியும் ஆறிப்போனது. அந்த அறையில் உட்காரப் பிடிக்காமல் கோபம் தணிகிற வரைக்கும் கண்ணாடிக் குடிலில் போய் நின்றேன். உன் புருஷன் பால்துர், பாவம், நல்ல மனுஷன், வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். கையில் விர்ரென்று அதிர்கிற ஒரு கம்பி. அதைப் பூக்கொத்தின் காம்பில் தொடுவார், மஞ்சள் தூள் பறக்கும், அடுத்ததற்குப் போவார்.

“என்ன பண்றீங்க?” என்று கேட்டேன்.

“உள்ள காத்து கெடையாது, வண்டு கெடையாது. அதுங்க வேலையை நான் பாக்குறேன் அண்ணி. உலுக்கி விடலைன்னா ஒரு பூவும் நிக்காது.”

நீ நல்ல கோப்பையில் காப்பி கொடுத்திருந்தால் நான் அதைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

குளியலறை அலமாரியில் ஸ்டூர்லாவின் மின்சவர இயந்திரம் இருந்தது. நாலு வருஷமாகத் தொடவில்லை. உள்ளே அவருடைய நரைமுடி அப்படியே இருந்தது. அதைத் தட்டவில்லை. அப்படியே சொருகி, காம்பில் வைத்தேன். விர்ரென்றது. மஞ்சள் தூள் என் கண்ணாடியில் வந்து படிந்தது. தினம் மத்தியானம் புதிதாக விட்ட நாலு பூவுக்கும் சவரம். இன்றைக்கு நாலும் காய். பட்டாணி அளவு.

யாத்விகா சொல்கிறாள்: “உங்க வீட்டுக்காரர் போயும் வேலை பாக்குறாரு.”

கண்ணாடிக் குடில்காரியே, கம்பளிச் சட்டையை உன் அளவுக்கே பின்னு.

பெரா


குவேராகெர்தி
4 ஜனவரி 2012

அக்கா,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கிறிஸ்துமஸுக்கும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

உங்கள் பக்கம் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன, மலைப்பாதை மூடிவிட்டது என்று வானொலியில் மூன்று நாளாகச் சொல்கிறார்கள். உன் போன் அடிக்கவே இல்லை. இது எப்போது உன் கைக்கு வரும் என்றும் தெரியாது. தக்காளி போனால் போகட்டும். நீ போர்வைக்குள் இரு. கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

பின்னா


ஸ்குகாவிக்
12 ஜனவரி 2012

தங்கச்சி பின்னாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஒரு வரி கேட்டாய், நிறைய வரி இருக்கிறது.

ஒன்றாம் தேதி மாலை கரண்டு போயிற்று. மறுநாள் காலை சமையலறையில் ஏழு டிகிரி. நான் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வேன். செடி என்ன செய்யும்? இலையெல்லாம் தொங்க ஆரம்பித்தது. தொழிற்சாலையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று யாத்விகா சொன்னாள். ஆனால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் எண்ணூறு அடி, இடுப்பளவு பனி, மைனஸ் ஒன்பது.

கொட்டகைக்குப் போய்த் தள்ளுவண்டியைத் திருப்பினேன்.

இந்தத் தடவை ஒரு தப்பும் செய்யவில்லை. அடியில் வெந்நீர்ப் பை மூன்று. மேலே ஆட்டுத்தோல், அதன் மேல் ஸ்டூர்லாவின் கடல்கோட்டு. தண்டை வளைத்துப் படுக்கவைத்துக் கூண்டை மூடினோம். யாத்விகா முன்னால் மண்வாரியோடு, நான் பின்னால் தள்ளிக்கொண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பனி வாரும் இயந்திரக்காரன் வழியிலேயே நிறுத்தி, “உள்ள யாரு?” என்றான். “தக்காளி” என்றேன். இயந்திரத்தைத் திருப்பி, எங்களுக்கு முன்னால் போய்ப் பாதை வெட்டிக் கொடுத்தான்.

தொழிற்சாலை மேலாளர் வாசலில் மறித்தார். “மீன் இருக்கிற எடத்துல செடி வைக்க விதி இல்லீங்க.”

“தம்பி, 1963-ல உங்கப்பா எங்க வைக்கோல மழையில விட்டுட்டு ஆட்டம் பாக்கப் போனாரு. அந்தப் பனிக்காலம் எங்க ஆடு ஒன்பது பட்டினி கெடந்துச்சு. இது வரைக்கும் நான் யார்ட்டயும் சொல்லல. இப்ப இவங்க எல்லாரும் நிக்கிறாங்க. சொல்லட்டுமா?”

சாப்பாட்டு அறையைத் திறந்துவிட்டார். விளக்குக்கு அடியில் ஒன்பது நாள் இருந்தது. ஒவ்வொரு வேலை முறைக்கும் ஒருத்தி காவல். நாலு காயில் ஒன்று வழியில் உடைந்துபோயிற்று. மூன்று பத்திரம். நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெரிய காயின் தோளில் மஞ்சள் தட்டியிருக்கிறது.

இன்னும் பதினைந்து நாள்.

உன் முழங்கால் எப்படி?
பெரா


குவேராகெர்தி
18 ஜனவரி 2012

அன்புள்ள பெரா அக்காவுக்கு,

உன் கடிதத்தை அஞ்சல் நிலையத்திலேயே பிரித்து நின்றபடி வாசித்தேன். முழங்கால் வலித்தது தெரியவில்லை.

இருபத்தேழாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீ ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். பந்தயத்துக்காக எழுதினாள் என்று நீ டப்பாவில் போட்டுவிடக் கூடாது.

நான்தான் தின்றேன். ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால், கையுறையைக்கூடக் கழற்றாமல். எட்டில் ஒரு துண்டு எனக்குப் போதாது என்று நினைத்தேன். நீ பதினோரு நாளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு காரணம். புளித்தது, அக்கா. நன்றாகவே இல்லை. அப்பா துப்பாக்கியோடு போனபோது நான் கூப்பிட்டிருக்கலாம். வாயில் அந்த ருசி இருந்தது, வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

பூவை உலுக்க வேண்டும் என்று நவம்பரில் எனக்குத் தெரியும். நீ தோற்றால் தெருக்கோடிக்கு வந்துவிடுவாய். பால்துர் போன பிறகு இந்த வீட்டில் ஏழு வகை பிஸ்கட்டைத் தின்ன ஆள் இல்லை. அதை எழுதத் தெரியாமல்தான் பாதிரியாரைப் பற்றி எழுதினேன்.

அந்த விரிசல் கோப்பை தெரியாமல் வந்தது. ஆறின காப்பி வேண்டுமென்றே கொடுத்தது.

திர்பின்னா
(முழுப் பெயர், பேனாவால், கையெழுத்து)


ஸ்குகாவிக்
28 ஜனவரி 2012

என் தங்கச்சி பின்னாவுக்கு,

நான் மிக நன்றாக இருக்கிறேன். அப்படி எழுதிப் பல வருஷமாகிறது.

நேற்று காலையில் மேகம். என் சமையலறையில் இருபத்து மூன்று பேர். பனி வாரும் இயந்திரக்காரன், மேலாளர், வேலை முறைக்குக் காவல் இருந்த பெண்கள் அத்தனை பேரும். பான்கேக் அடுக்கு என் முழங்கை உயரம், பக்கத்தில் ருபார்ப் கீரைத்தண்டு ஜாமும் அடித்த கிரீமும். சூரியன் ஜன்னலைத் தொடாமல் ஒருவரும் கோப்பையைத் தொடக் கூடாது, உனக்குத் தெரியும். பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. “பெராம்மா, சூரியனும் உங்களுக்குப் பகையா?” என்று யாத்விகா கேட்டாள். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேகம் பிளந்தது. வெளிச்சம் முதலில் ஜன்னல் விளிம்பில் விழுந்தது. அங்கே அம்மாவின் நீலக் கிண்ணம். உள்ளே தக்காளி. காம்பு மட்டும்தான் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு.

மேலாளர் கத்தியைத் துடைத்து நீட்டினார். “வெட்டுங்க. ஆளுக்கு ஒரு துணுக்கு.”

“வெட்டுறதா?” என்றேன்.

முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். இருபத்து மூன்று பேர் பார்க்க, வெயிலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். சாறு தாடையில் வழிந்து நல்ல சட்டையில் இறங்கியது. ஒருவருக்கும் ஒரு துணுக்கும் கொடுக்கவில்லை. யாத்விகாதான் முதலில் கை தட்டினாள். அப்புறம் எல்லாரும். இனிப்பா புளிப்பா என்று நீ கேட்பாய். சொல்ல மாட்டேன்.

அவர்கள் போன பிறகு உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காக்கை இரண்டும் வேலிமேல் உட்கார்ந்திருந்தன. முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பறந்தன. கடிதம் டப்பாவில் இல்லை. ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.

இல்லத்துக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டாயிற்று. அலமாரியில் வேறு யாராவது கோட்டு தொங்கவிடட்டும். ஆறின காப்பியை நான் மன்னிக்கவில்லை, அது தனி.

செடியில் இன்னும் இரண்டு காய். ஒன்று யாத்விகாவுக்கு. மற்றது பத்து நாளில் பழுக்கும். பறித்து அதே கிண்ணத்தில், அதே விளிம்பில் வைப்பேன். செவ்வாயும் வெள்ளியும் விமானம் வருகிறது. நான் தினம் மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் நன்றாகத் தூங்குவேன். இந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது, நீ பிறந்த வீடு, உனக்கே தெரியும். ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பனியை வாரி வைத்திருக்கிறேன், வழுக்காது.

எட்டில் ஒன்று இல்லை. முழுசு.

உன் அக்கா
ஹால்பெரா